புயலுக்கு ஜெனரேட்டர் வாங்கி வச்சிருக்கீங்களா? கயித்த இழுக்கிறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க

கஜா புயல் 2018 நவம்பர் 16 விடியக்காலைல நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவுல கரையைக் கடந்துச்சு. பொழுது விடிஞ்சு வெளிய வந்து பாத்தா தென்னைலாம் வேரோட சாஞ்சு கிடக்கு, கரண்ட் கம்பம் எல்லாம் தீக்குச்சியை ஒடிச்சுப் போட்ட மாதிரி கிடக்கு. டெல்டா பக்கம் மொத்தமா 1 லட்சத்துக்கும் மேல கம்பம் விழுந்துச்சு, சில ஊருக்கு லைன் வர்றதுக்கு வாரக்கணக்கா ஆச்சு. அப்ப டாடா ஏஸ்ல ஜெனரேட்டரை ஏத்திக்கிட்டு தெருத்தெருவா வருவாங்க, மேல் டேங்குக்கு தண்ணி ஏத்த மணிக்கு இவ்ளோ, போனுக்கு சார்ஜ் போட இவ்ளோன்னு வசூல் நடக்கும்.

அந்த வாரம்தான் எங்க சித்தப்பா எங்கயோ அலைஞ்சு செகண்ட்ஹேண்டுல ஒரு 2 கேவிஏ (கேவிஏன்னா மெஷின் எவ்ளோ லோடு தாங்கும்ங்கிற அளவு) பெட்ரோல் ஜெனரேட்டரை வாங்கிட்டு வந்தார். முத நாள் ராத்திரி தூறல் போட்டுச்சு, மெஷின் நனையக்கூடாதேன்னு பின்பக்கத் தாழ்வாரத்துல தூக்கி வச்சு ஓட்டினோம், பக்கத்துலயே அடுப்படி ஜன்னல். ஒன்றரை மணி நேரம் ஃபேன் ஓடுச்சு, லைட் எரிஞ்சுது, ஒரே சந்தோஷம். அதுக்கப்புறம் அம்மாவுக்கு தலைவலி, ஆச்சிக்கு குமட்டல், எனக்கு எந்திரிச்சா தலை சுத்துது. நாலு நாளா தூக்கம் இல்ல, மரம் வெட்டி அலைஞ்சது, பித்தமா இருக்கும்னு சொல்லிக்கிட்டு சுக்கு காபி போட்டுக் குடிச்சோம். அப்புறம் பெட்ரோல் தீர்ந்து மெஷின் தானா நின்னுச்சு, புழுக்கம் தாங்காம எல்லாரும் வாசல்ல பாய் போட்டுப் படுத்துட்டோம், காலைல தேவலாம்னு ஆயிடுச்சு. அன்னிக்கு டேங்க்ல இன்னும் ரெண்டு லிட்டர் இருந்திருந்தா என்ன ஆகியிருக்கும்னு எனக்குப் புரியவே அப்புறம் ரெண்டு மூணு வருஷம் ஆச்சு.

அதனால புதுசா வாங்குறவங்களுக்கு நான் சொல்ற முத விஷயம் வாட்ஸ் கணக்கு இல்ல, விலை இல்ல, இடம்தான். நமக்கு மழைன்னா ஆட்டையும் மாட்டையும் அவுத்து உள்ள கட்டுற பழக்கம், அதே கையோட ஜெனரேட்டரையும் உள்ள இழுத்துடுறோம். அங்கதான் தப்பு நடக்குது.

எங்க வைக்கணும்

பெட்ரோல் எஞ்சின் புகையில கார்பன் மோனாக்சைடு இருக்கு. நிறம் கிடையாது, வாசனை கிடையாது. மூக்குல ஏறுற நாத்தம் வேற வாயுக்களோடது, அது இல்லன்னா இதுவும் இல்லன்னு நினைச்சிடாதீங்க. ரத்தத்துல இருக்க ஹீமோகுளோபின் ஆக்சிஜனை விட 200 மடங்குக்கு மேல இறுக்கமா இதைப் பிடிச்சுக்கும், அப்புறம் மூச்சு இழுத்தாலும் உடம்புக்கு ஆக்சிஜன் போய்ச் சேராது. தலைவலி, குமட்டல், அசதி, குழப்பம்னு காய்ச்சல் வர்ற மாதிரியே இருக்கும் ஆனா உடம்பு சுடாது. தூங்கிட்டு இருக்கவங்களுக்கு இந்த அறிகுறி ஒண்ணும் தெரியாது, தூக்கத்துலயே முடிஞ்சிடும்.

வீட்டுல இருந்து குறைஞ்சது 20 அடி தள்ளி வைங்க, சைலன்சர் வாய் வீட்டைப் பாக்காம எதிர்ப்பக்கம் திரும்பி இருக்கணும். காத்து எந்தப் பக்கம் அடிக்குதுன்னும் ஒரு தடவை பாத்துக்குங்க, ஏன்னா புயல் முடிஞ்ச மறுநாள் காத்து திசை மாறும். பக்கத்து வீட்டு ஜன்னலும் ஜன்னல்தான், நம்ம வீட்டுக்குத் தள்ளி வச்சிட்டு அவங்க படுக்கையறைக்கு நேரா வச்சிடாதீங்க. தாழ்வாரம், போர்டிகோ, கார் ஷெட், படிக்கட்டுக்கு கீழ, மொட்டை மாடி படி ரூம், மோட்டார் ரூம் இதெல்லாம் கூடவே கூடாது. ஷட்டரை பாதி தூக்கி வச்சா போதும், ஜன்னல் தொறந்திருக்கு, எக்ஸாஸ்ட் ஃபேன் ஓடுதுன்னு சமாதானம் சொல்லிக்கிறதும் வேலைக்கு ஆகாது. 2020 ஆகஸ்ட்ல அமெரிக்காவுல லூசியானா பக்கம் லாரா புயல் அடிச்சப்போ, காத்துலயும் மரம் விழுந்தும் தப்பிச்ச ஆளுங்க சிலபேர் அடுத்தடுத்த நாள்ல ஜெனரேட்டர் புகையில செத்தாங்க.

ஃப்ளாட்டுல இருக்கவங்க பால்கனில வைக்கலாமான்னு கேப்பாங்க. வேண்டாம். 2016 வர்தா புயல் முடிஞ்சதும் சென்னைல நிறைய பேருக்கு இந்த ஆசை வந்துச்சு. மூணாவது மாடி பால்கனிக்கு 20 அடி தள்ளின்னா அந்தரத்துலதான் வைக்கணும், பெரிய பேட்டரி போட்ட இன்வெர்ட்டர்தான் உங்களுக்குச் சரி.

சரி மழை வந்தா என்ன பண்றது? நிறுத்திடுங்க, அவ்ளோதான் பதில். ஃப்ரிட்ஜ் ரெண்டு மணி நேரம் சும்மா இருந்தா ஒண்ணும் ஆகாது. கட்டாயம் ஓட்டியே ஆகணும்னா நாலு பக்கமும் தொறந்த மாதிரி நாலு கால் நட்டு மேல தகரம் போடுங்க, சாரல் மெஷின் மேல அடிக்காத உயரத்துல, அகலமா. தார்ப்பாயை மெஷின் மேலயே போத்துறது, நெருப்பை மூட்டை கட்டி வைக்கிற மாதிரி. கீழ தண்ணி தேங்காம ரெண்டு வரிசை செங்கல் இல்ல சிமெண்ட் பலகை போட்டு அது மேல வைங்க. ஈரக் கையோட, ஈரத் தரையில வெறுங்காலோட சாக்கெட்டைத் தொடாதீங்க.

யாருக்காவது தலை சுத்துதுன்னு சொன்னா காரணம் ஆராயாம எல்லாரையும் வெளிய கூட்டிட்டு வாங்க, அப்புறம் 108. உள்ள போய் மெஷினை நிறுத்துறேன்னு மூச்சை அடக்கிக்கிட்டு ஹீரோ வேலை பாக்காதீங்க. இன்னொண்ணு, கொரோனா நேரத்துல வாங்கின பல்ஸ் ஆக்ஸிமீட்டர் எல்லார் வீட்லயும் கிடக்கு, அதை விரல்ல மாட்டி 98 காட்டுது நல்லாத்தான் இருக்கன்னு ஏமாந்துடாதீங்க. அந்தக் கருவிக்கு ஆக்சிஜன் ஒட்டின ரத்தத்துக்கும் இந்த வாயு ஒட்டின ரத்தத்துக்கும் வித்தியாசம் தெரியாது. பேட்டரில ஓடுற கார்பன் மோனாக்சைடு அலாரம் ஆன்லைன்ல கிடைக்குது, படுக்கிற ரூம்ல ஒண்ணு மாட்டிடுங்க. புகை அலாரம் வேற, அது இதைக் கண்டுபிடிக்காது, பாத்து வாங்குங்க.

எவ்ளோ பெருசு வேணும்

இதுல எல்லாரும் சறுக்குற இடம் ஸ்டார்ட்டிங் கரண்ட். ஃப்ரிட்ஜ் ஓடும்போது 150 வாட் அளவுதான் எடுக்கும் ஆனா கம்ப்ரசர் கிளம்புற அந்த ஒரு நொடி அதைப்போல பல மடங்கு இழுக்கும். தண்ணி மோட்டாரும் அப்படித்தான். 1 எச்பின்னா 746 வாட், அப்ப 2 கேவிஏ தாராளம்னு கணக்கு போட்டுதான் சித்தப்பா வாங்கினார், மோட்டார் சுவிட்சைப் போட்டதும் ஜெனரேட்டர் உறுமி, அழுந்தி, லைட் மங்கி, படக்னு நின்னுச்சு. 746 வாட்டுங்கிறது மோட்டார் வெளிய குடுக்கிற வேலை, உள்ள இழுக்கிறது 1000 வாட்டுக்கு மேல, கிளம்பும்போது அதுல மூணு மடங்கோ அதுக்கும் மேலயோ. 1 எச்பி மோட்டார் ஓடணும்னா 3 கேவிஏ-க்கு குறைஞ்சு யோசிக்காதீங்க, போர்ல இறக்குன சப்மெர்சிபிள்னா இன்னும் மேல, கடைக்காரர்கிட்ட மோட்டார் பிளேட்டை போட்டோ எடுத்துக் காமிச்சுக் கேளுங்க.

மத்ததெல்லாம் சின்னதுதான். சாதா சீலிங் ஃபேன் 75 வாட், புது பிஎல்டிசி ஃபேன்னா 30 வாட் பக்கம், எல்இடி பல்பு 9 வாட், டிவி 100 வாட். மிக்ஸி 500-ல இருந்து 750. அயர்ன் பாக்ஸ், கீசர், இண்டக்ஷன் அடுப்பு மூணையும் மறந்துடுங்க, அது மூணும் ஜெனரேட்டரை அப்படியே முழுங்கிடும். எல்லாத்தையும் கூட்டி வர்றது மெஷினோட தொடர்ந்து குடுக்கிற வாட்ஸ்ல முக்காவாசிக்குள்ள இருக்கட்டும். மெஷின் மேல பெருசா எழுதியிருக்க நம்பர் பல நேரம் மேக்ஸிமம் நம்பர், பக்கத்துல சின்னதா ரேட்டடுன்னு இன்னொண்ணு இருக்கும், அதை எடுத்துக்குங்க.

வீட்டு லைன்ல எப்படி சேக்குறது

சித்தப்பா ரெண்டாவது நாள் ஒரு வயர் தயார் பண்ணார். ரெண்டு முனையிலயும் ப்ளக். ஒரு முனை ஜெனரேட்டர்ல, இன்னொரு முனை ஹால் சுவிட்ச் போர்டு சாக்கெட்ல, வீடு பூரா லைட் எரியும். நம்ம ஊர்ல நிறைய பேருக்கு இந்த வித்தை தெரியும், தெரிஞ்சவங்களைக் கெட்டிக்காரன்னு வேற சொல்வோம்.

அந்த வயர்ல என்ன நடக்குதுன்னு பாருங்க. உள்ள வர்ற கரண்ட் வீட்டு வயரிங்ல மட்டும் நிக்காது, மெயின் ஆன்ல இருந்தா மீட்டர் வழியா சர்வீஸ் வயர்ல ஏறி தெருக் கம்பத்துக்குப் போகும். தெரு டிரான்ஸ்ஃபார்மர் 11 ஆயிரம் வோல்ட்டைக் குறைச்சுதான் நமக்கு 230 குடுக்குது, திருப்பி 230 குடுத்தா அதே டிரான்ஸ்ஃபார்மர் அந்தப் பக்கம் பல ஆயிரம் வோல்ட்டா ஏத்தி விடும். லைன் செத்துக் கிடக்குன்னு நம்பி கம்பத்துல ஏறி கம்பி கட்டிட்டு இருக்க லைன்மேனுக்கு அது வந்து சேரும். கஜா நேரத்துல வெளியூர்ல இருந்தெல்லாம் ஆள் வந்து ராப்பகலா கம்பம் நட்டாங்க, எந்த வீட்ல ஜெனரேட்டர் இருக்குன்னு அவங்களுக்கு எப்படித் தெரியும்?

இதுக்கு சித்தப்பா ஒரு பதில் வச்சிருந்தார், தெரு லோடு மொத்தமும் இழுத்தா நம்ம மெஷின் தாங்காம நின்னுடும்ல, அப்புறம் எங்க லைனுக்குப் போறதுன்னு. சாதா நாள்ல அது பாதி உண்மை. ஆனா புயலுக்கப்புறம் கம்பி அங்கங்க அறுந்து கிடக்கு, நம்ம வீட்டோட சேந்து இருக்கறது ஒரு கம்பமும் ரெண்டு கம்பியும் மட்டும்தான், இழுக்க லோடே இல்ல, அதனால மெஷின் நிக்காது, அறுந்து ரோட்ல கிடக்கிற கம்பில உயிர் இருக்கும். மெயினை ஆஃப் பண்ணிட்டுத்தானே போடுறோம்பாங்க. ஒரு நாள் மறப்பீங்க, இல்ல வீட்ல விவரம் தெரியாத யாராவது மெயினைப் போடுவாங்க. ஈபி திடீர்னு வந்தா ரெண்டும் மோதி ஜெனரேட்டர் காயில் வெந்துடும். அது போக சாக்கெட்ல இருந்து கழண்டு தொங்குற அந்த ப்ளக்கோட பித்தளை பின் ரெண்டுலயும் 230 வோல்ட் தொறந்தே இருக்கு, குழந்தை கைக்கு எட்டுற உயரத்துல. வீட்ல அப்படி ஒரு வயர் இருந்தா இன்னைக்கே ஒரு முனையை வெட்டிடுங்க.

சரியான வழி ரெண்டு. சுலபமான வழி, வீட்டு வயரிங்கைத் தொடவே வேண்டாம், எக்ஸ்டென்ஷன் இழுத்து ஃப்ரிட்ஜையும் ரெண்டு ஃபேனையும் நேரா அதுல மாட்டுறது. வயர் மூணு கோர் இருக்கணும், எர்த்தோட, 2.5 ஸ்கொயர் எம்எம். வெளிய ஓடுற வயர்ங்கிறதால நடுவுல டேப் சுத்துன ஜாயிண்ட் இருக்கவே கூடாது. ரீல்ல சுத்தி வச்ச வயர்னா முழுசா பிரிச்சுப் போடுங்க, சுருட்டினபடியே லோடு ஏத்தினா உள்ளுக்குள்ள சூடேறி உருகிடும், நான் கையில தொட்டுப் பாத்திருக்கேன், தோசைக்கல்லு மாதிரி இருந்துச்சு. கதவு இடுக்குல நசுங்காம, தண்ணி தேங்குற இடத்துல கிடக்காம பாத்துக்குங்க.

இன்னொரு வழி சேஞ்ச் ஓவர் சுவிட்ச். மீட்டருக்கும் மெயின் போர்டுக்கும் நடுவுல வயர்மேன் மாட்டித் தருவார், மேல தள்ளினா ஈபி, நடுவுல ஆஃப், கீழ தள்ளினா ஜெனரேட்டர். ரெண்டும் ஒரே நேரத்துல சேர அதுல வழியே கிடையாது, யார் மறந்தாலும் இரும்பு மறக்காது. மாட்டும்போது இதைக் கேட்டு வாங்குங்க: சிங்கிள் ஃபேஸ் வீடுன்னா டபுள் போல், த்ரீ ஃபேஸ்னா ஃபோர் போல், அதாவது நியூட்ரலும் சேந்து பிரியணும். செலவைக் குறைக்க ஃபேஸை மட்டும் மாத்திட்டு நியூட்ரலை அப்படியே விட்டுட்டுப் போறவங்க இருக்காங்க. த்ரீ ஃபேஸ் வீட்டுக்காரங்க இன்னொண்ணும் கவனிங்க, சிங்கிள் ஃபேஸ் ஜெனரேட்டர்ல த்ரீ ஃபேஸ் மோட்டார் ஓடாது, உம்முனு முனகிக்கிட்டே காயில் எரியும், அந்த மோட்டாரோட எம்சிபியை (போர்டுல அதுக்குன்னு இருக்க தனி சுவிட்சை) ஆஃப் பண்ணிட்டுத்தான் ஜெனரேட்டர் பக்கம் தள்ளணும்.

எர்த் விஷயம் கொஞ்சம் நுணுக்கமானது, நான் வயர்மேன் இல்ல, ஆனா கேக்க வேண்டிய கேள்வி தெரியும். சின்ன ஜெனரேட்டர் நிறையதுல நியூட்ரல் எர்த்தோட சேந்திருக்காது, மிதந்துகிட்டு இருக்கும். ஈபி வரும்போது நியூட்ரல் டிரான்ஸ்ஃபார்மர்லயே எர்த் ஆகி வருது, அதை நம்பித்தான் வீட்டு ஆர்சிசிபி (கரண்ட் லீக் ஆனா தானா கட் பண்ற சுவிட்ச்) வேலை செய்யுது. ஜெனரேட்டர்ல அந்த இணைப்பு இல்லன்னா லீக்கேஜ் ஆனாலும் ஆர்சிசிபி டிரிப் ஆகாம போகலாம். இதுல ஏமாத்து என்னன்னா டெஸ்ட் பட்டனை அமுக்கினா மட்டும் டிரிப் ஆகும், நாமளும் நல்லா இருக்குன்னு நினைச்சுக்குவோம். மெஷின் மேனுவலை வயர்மேன் கையில குடுத்து, நியூட்ரலை எர்த் பண்ணணுமா, பாடி எர்த் எங்க அடிக்கிறதுன்னு அவரையே முடிவு பண்ணச் சொல்லுங்க. இதை மழைக்காலத்துக்கு முன்னாடி பண்ணிடணும், புயல் அன்னிக்கு எந்த வயர்மேனும் போனை எடுக்க மாட்டார்.

பெட்ரோல்

சூடான மெஷின்ல பெட்ரோல் ஊத்தாதீங்க. நிறுத்தி கால் மணி நேரம் ஆறவிட்டு ஊத்துங்க, வாய் வரைக்கும் ரொப்பாதீங்க. பெட்ரோல் ஆவி காத்தை விட கனம், தரையோட தவழ்ந்து போகும், பத்தடி தள்ளி கீழ இருக்க கொசுவத்தியோ விளக்கோ போதும். நம்ம புயல் சீசனும் கார்த்திகை விளக்கு வைக்கிற மாசமும் ஒண்ணாத்தான் வருது, வாசல்ல அகல் எரியும்போது இந்தப் பக்கம் டேங்க் மூடியைத் தொறக்காதீங்க. இருட்டுல ஊத்தணும்னா டார்ச்தான், அரிக்கேன் வேண்டாம்.

1934 பெட்ரோலியச் சட்டப்படி விக்கிறதுக்கு இல்லாம 30 லிட்டர் வரைக்கும் லைசென்ஸ் இல்லாம வச்சுக்கலாம், ஆனா எதுல வைக்கணும்னும் அதுலயே சொல்லியிருக்கு, இறுக்கமா மூடின உலோகக் கேன்னா 25 லிட்டருக்கு மிகாம, கண்ணாடின்னா 1 லிட்டர். தண்ணி பாட்டில்ல வாங்கி அடுப்படி பரண்ல வைக்கிற கதையெல்லாம் அதுல இல்ல. என்னைக் கேட்டா 10 லிட்டர் போதும், வீட்டை விட்டுத் தள்ளி நிழல்ல, சிலிண்டர் பக்கத்துல இல்லாம.

ஸ்டார்ட் பண்ணி நிறுத்துறது

ஆயில் பாருங்க, சமதரையில வச்சு, டிப்ஸ்டிக்கை துடைச்சிட்டு. புது மெஷின்ல பெரும்பாலும் ஆயில் இல்லாமத்தான் வரும், ஊத்தாம இழுத்துட்டு ஸ்டார்ட் ஆகலன்னு கடைக்குத் தூக்கிட்டு ஓடுனவங்க உண்டு. பெட்ரோல் காக்கைத் தொறந்து, சோக்கைப் போட்டு, லோடு எதுவும் மாட்டாம கயித்தை முதல்ல மெதுவா இழுங்க, கை ஒரு இடத்துல தடுக்கும், அங்க இருந்து விர்ருனு ஒரே இழு. பிடிச்சதும் கயித்தை விட்டுடாதீங்க, கூடவே கையைக் கொண்டு போய் விடுங்க, இல்லன்னா பட்டுனு அடிச்சு உள்ள ஸ்பிரிங் போயிடும். சத்தம் சீராகுறப்ப சோக்கை மெல்ல தள்ளிட்டு ரெண்டு மூணு நிமிஷம் சும்மா ஓடவிடுங்க.

அப்புறம் லோடு ஒவ்வொண்ணா. பெருசு முதல்ல, மோட்டாரோ ஃப்ரிட்ஜோ போட்டு அது நிதானத்துக்கு வந்தப்புறம் ஃபேன், லைட். எஞ்சின் சத்தத்தைக் காது குடுத்துக் கேளுங்க, கனமா இழுத்து முனகுச்சுன்னா லோடு ஜாஸ்தி, எதையாவது ஆஃப் பண்ணுங்க, ஏன்னா எஞ்சின் வேகம் குறைஞ்சா வோல்டேஜும் குறையும், ஃப்ரிட்ஜ் கம்ப்ரசர்தான் அடி வாங்கும். நிறுத்தும்போது தலைகீழா, லோடு எல்லாம் எடுத்துட்டு ரெண்டு நிமிஷம் வெறும ஓடவிட்டு, சுவிட்சை ஆஃப் பண்ணி, காக்கை மூடுங்க.

ராத்திரி பூரா ஓட்ட வேண்டாம்

இதுதான் எங்களுக்கு அந்த ஒரு மாசத்துல கிடைச்ச அனுபவம். பெட்ரோலைக் குடிச்சுக்கிட்டே இருக்கும், பங்க்ல க்யூ வேற. மூடியே வச்சா ஃப்ரிட்ஜ் 4 மணி நேரம் குளிர்ச்சி பிடிக்கும். அதனால காலைல ரெண்டு மணி நேரம், சாயங்காலம் ரெண்டு மணி நேரம் மட்டும் ஓட்டுவோம், அந்த நேரத்துல ஃப்ரிட்ஜுக்கு குளிர், போன் எல்லாம் சார்ஜ், முக்கியமா இன்வெர்ட்டர் பேட்டரிக்கு சார்ஜ். ராத்திரி ஃபேனும் லைட்டும் இன்வெர்ட்டர்ல ஓடும். சத்தம் இல்ல, புகை இல்ல, தூங்குற நேரத்துல மெஷின் ஓடுற பேச்சே இல்ல. இன்வெர்ட்டர் ஜெனரேட்டர் கரண்டை ஏத்துக்கலன்னா பின்னாடி யூபிஎஸ் மோடுன்னு ஒரு சின்ன சுவிட்ச் இருக்கும் பல மாடல்ல, அதை நார்மல் பக்கம் தள்ளிப் பாருங்க. சார்ஜ் ஏறும்போது அதுவே 250, 300 வாட் எடுக்கும்ங்கிறதையும் கணக்குல வைங்க.

ரோட்ல அறுந்த கம்பி பாத்தா தொடாம மின்வாரியத்தோட மின்னகம் 94987 94987-க்கு சொல்லுங்க. உங்க தெருவுல லைன்மேன் வேலை பாக்க வந்தா நீங்களே போய், எங்க வீட்ல ஜெனரேட்டர் ஓடுது, சேஞ்ச் ஓவர் போட்டிருக்குன்னு ஒரு வார்த்தை சொல்லிடுங்க. அவங்க டீ குடிக்கிற நேரத்துல நிறுத்திக் காமிச்சாலும் நல்லதுதான்.

கரண்ட் வந்தப்புறம்

எல்லாரும் மறக்குற இடம் இது. அப்படியே பெட்ரோலோட மூலையில தள்ளிடுவோம், அடுத்த வருஷம் ஐப்பசில இழுத்தா தோள்பட்டை கழண்டாலும் பிடிக்காது. நிக்கிற பெட்ரோல் பிசினாகி கார்புரேட்டர் ஓட்டையை அடைச்சிடும், இப்ப வர்ற எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை வேற இழுக்கும். டேங்க்ல இருக்கறதை பைக்குக்கு ஊத்திட்டு, காக்கை மூடி மெஷினை ஓடவிடுங்க, கார்புரேட்டர்ல மிச்சம் இருக்கறதும் தீர்ந்து தானா நிக்கட்டும். புது மெஷினுக்கு முதல் 20 மணி நேரத்துல ஒரு ஆயில் மாத்தணும், அப்புறம் 100 மணி நேரத்துக்கு ஒரு தடவைன்னு பல மேனுவல்ல இருக்கும், உங்களுதுல என்ன போட்டிருக்குன்னு பாத்துக்குங்க.

மாசம் ஒரு தடவை அரை லிட்டர் ஊத்தி கால் மணி நேரம் ஒரு லோடோட ஓட்டுங்க. எங்க வீட்ல இப்ப கொல்லைக் கோடியில பூவரச மரம் தாண்டி ஒரு சிமெண்ட் பலகை பதிச்சு வச்சிருக்கோம், மெஷின் அங்கதான், வேற எங்கயும் கிடையாது. மாசாமாசம் ஞாயித்துக்கிழமை சித்தப்பா அங்க உக்காந்து கயித்தை இழுப்பார், தூறல் போட்டா ஆச்சிதான் முதல்ல உள்ள இருந்து குரல் குடுக்கும், நிறுத்துடா, நிறுத்திட்டு நீ மட்டும் உள்ள வாடான்னு.